சிங்கத்தின் சபையில் ஒட்டகம்

முகத்துதியைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்ட கதை, காகத்திடமிருந்து நரி வடையைப் பறித்த கதைதான். ஈசாப்பின் பெயரால் வழங்கும் வடிவத்தில் வடைக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டி இருக்கும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதை லத்தீனில் செய்யுளாக்கிய ஃபீட்ரஸ், வஞ்சகமான புகழ்ச்சியில் மகிழ்பவர்கள் பின்னர் வெட்கி வருந்துவார்கள் என்ற எச்சரிக்கையோடுதான் கதையையே தொடங்குகிறார். புகழ்ந்தவனுக்கு லாபம், மயங்கியவனுக்கு நட்டம் என்று கணக்கு அந்த இருவருக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனங்களில், சம்பளக் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில், இந்தக் கணக்கை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் பார்த்தவரையில், பணியிடத்தில் முகத்துதிக்கான விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மூன்றாவது ஆள்.

இதைப் பஞ்சதந்திரம் சொன்ன அளவுக்குத் தெளிவாக வேறெந்தக் கதைத்தொகுதியும் எனக்குச் சொன்னதில்லை. அதன் முதல் தந்திரமான மித்திரபேதத்தில் ஒரு சிங்கம் இருக்கிறது. சிறுத்தையும் காகமும் நரியும் அதன் பரிவாரம். வணிகர் கூட்டத்திலிருந்து வழிதவறி வந்த ஓர் ஒட்டகத்துக்குச் சிங்கம் அபயம் கொடுத்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. யானையோடு பொருது காயம்பட்ட சிங்கம் வேட்டைக்குப் போக முடியாமல் கிடக்க, எல்லோரும் பட்டினி. ஒட்டகத்தைக் கொன்றால் என்ன என்ற பேச்சு வந்ததும் சிங்கம் சினக்கிறது. கொடுத்த அபயத்தை மீற அதற்கு மனமில்லை. அப்படியானால் ஒட்டகமே முன்வந்து தன்னைக் கொடுத்தால் குற்றமில்லையே என்று பரிவாரம் வழி கண்டுபிடிக்கிறது. காகம் முதலில் எழுந்து, "என்னை உண்டு பசியாறுங்கள்" என்கிறது. உன் உடம்பு எந்த மூலைக்குப் போதும் என்று அதைத் தடுத்துவிடுகிறார்கள். நரியும் சிறுத்தையும் அவ்வாறே முன்வந்து, நகமுள்ள இனத்தைத் தின்னலாகாது என்ற காரணத்தால் தப்பித்துக்கொள்கின்றன. இவர்கள் விசுவாசத்தைச் சொன்னார்கள், ஒருவருக்கும் தீங்கு வரவில்லை, நானும் சொல்வதுதான் மரியாதை என்று எண்ணிய ஒட்டகம் வாய் திறக்கிறது; அதைத் தடுக்க ஒருவரும் இல்லை.

மித்திரபேதத்தின் மையக் கதையில், தன் நண்பனான வேறொரு சிங்கத்தின் மனம் மாறிவிட்டதென்று கேள்விப்பட்டுக் கலங்கும் சஞ்சீவகன் என்ற எருது சொல்வதாக இந்தக் கதை அமைந்திருப்பது என்னை ஒவ்வொரு முறையும் தொடுகிறது. தமனகன் என்ற நரியின் இனிய பேச்சால் தானும் அழியப் போகிறவன், அப்படியே அழிந்த இன்னொருவனின் கதையைச் சொல்கிறான். அதையும் தமனகனிடமே சொல்கிறான்.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் இந்தச் சபை அநேகமாக ஒவ்வொரு வாரமும் கூடியது. சனிக்கிழமை காலை, வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற சிறு கூட்டத்தின் முடிவில், மறுநாள் வேலைக்கு ஆள் குறைகிறது என்று மேற்பார்வையாளர் பொதுவாகச் சொல்வார். அவருக்கு நெருக்கமான மூத்தவர்கள் உடனே, "சார், உங்களுக்காக நான் வர்றேன்" என்று ஒருவர் பின் ஒருவராகக் குரல் கொடுப்பார்கள். நீங்கள் திங்கட்கிழமை சோதனைக்குத் தேவை, நீங்கள் வாரம் முழுவதும் இரவு வேலை பார்த்தீர்கள் என்று அவர்களை அவர் அன்போடு உட்காரவைத்துவிடுவார். கடைசியில், ஊரிலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்த, முகவருக்குக் கட்டிய பணத்தின் கடன் இன்னும் தீராத ஓர் இளைஞர் கை தூக்குவார். அவர் பெயர்தான் பட்டியலில் ஏறும்.

தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஊருக்குப் பணம் அனுப்பி, நண்பர்களைப் பார்த்து, ஒருவேளை நிம்மதியாகச் சாப்பிடும் ஒரே நாளை இழப்பது மட்டுமே நட்டமென்றால்கூட அது சிறியதன்று. இதற்குள் இன்னொரு நட்டமும் இருந்தது. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி, ஓய்வு நாளில் முதலாளி கேட்டுக்கொண்டதால் ஒரு தொழிலாளி அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். அதே வேலையைத் தொழிலாளி தானே விரும்பிக் கேட்டுச் செய்திருந்தால் ஒரு நாள் சம்பளம் போதும். விதிவிலக்கான சூழ்நிலைகள் தவிர, ஓய்வு நாளில் வேலைக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. சட்டம் கொடுத்திருந்த அபயம் அது. கூட்டத்தில் எழுந்த விசுவாசக் குரல்களுக்குப் பிறகு அந்த இளைஞரின் டைம்ஷீட்டில், "தொழிலாளியின் வேண்டுகோள்" என்ற கட்டத்தில் குறி விழுந்திருந்தது. முகத்துதி செய்தவர்கள் அவருக்குத் தீங்கு நினைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மேற்பார்வையாளரின் முகம் மலர வேண்டும் என்பதற்கு மேல் அவர்கள் எதையும் நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால், அந்தச் சொற்கள் இல்லாமல் அந்தக் குறி விழுந்திருக்காது.

இந்தக் கதைகள் இவ்வூருக்குப் புதியவையும் அல்ல. தொடக்ககாலச் சிங்கப்பூரில் வாழ்ந்து பணியாற்றிய மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, 1835இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே, எட்டாம் நூற்றாண்டில், இப்னு அல் முகஃபா அதன் பாரசீக வடிவத்தை, 'கலீலா வ திம்னா' என்ற பெயரில் அரபிக்குக் கொண்டுவந்திருந்தார். வடமொழிக் கதையில் எருது கொல்லப்பட்ட பிறகு தமனகன் அமைச்சனாகவே நீடிக்கிறான். அரபி நூலிலோ நரியை விசாரணைக்கு நிறுத்தும் ஓர் அத்தியாயம் கூடுதலாக இருக்கிறது. அந்த நரியும் அதன் தோழனான இன்னொரு நரியும் தனியாகப் பேசியதைக் கேட்டுவிட்ட ஒரு சிறுத்தை, சிங்கத்தின் தாயிடம் போய்ச் சொல்கிறது, நரி தண்டிக்கப்படுகிறது. அந்தச் சிறுத்தையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மேலே இருப்பவரைப் புகழாதிருப்பது எளிது; கேட்ட சொல்லைக் கேட்டபடியே உரிய இடத்தில் சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும்.

எங்கள் பட்டறையில் அதைச் செய்தவர் வயதான ஒரு ஃபிட்டர். எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். டைம்ஷீட்டுகளையும் சட்ட விதியையும் நான் நிறுவன மேலாளர் முன் வைத்தபோது, "அவராகக் கேட்டு வந்ததாகத்தானே எழுதியிருக்கிறது" என்றார் மேலாளர். அண்ணனை அழைத்துக் கேட்டார்கள். "தம்பி கேட்கல சார். ஆள் வேணும்னு சூப்பர்வைசர்தான் கேட்டார், தம்பி சரின்னு சொன்னான்," என்று அவர் நின்றபடியே சொன்னார். அதற்கு மேல் விளக்கமோ குற்றச்சாட்டோ அவர் வாயிலிருந்து வரவில்லை.

விடுபட்ட தொகை அடுத்த மாதச் சம்பளத்தோடு கொடுக்கப்பட்டது. ஓய்வு நாள் வேலைக்கு யார் கேட்டது என்பதை இப்போது மேற்பார்வையாளரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கூட்டத்தில் பொதுவாகக் கேட்காமல், வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்கிறார்கள். அந்தத் தம்பி சில ஞாயிறுகளில் வருகிறார், சில ஞாயிறுகளில் முடியாது என்கிறார். வரும் நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் பதிவாகிறது.