பாட்டியின் பெயரில் ஓர் உத்தரவு

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளராக இருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்களில் பெரும்பாலோர் அநாதை இல்லங்களைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லங்களுக்கும் போகிறேன். ஆனால் என் வேலையின் பெரும்பகுதி, தாய் தந்தையை இழந்த அல்லது அவர்களால் விடப்பட்ட பிள்ளைகளை ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருக்கும் பாட்டிகள், அத்தைகள், தாய்மாமன்கள், பெரியம்மாக்கள் ஆகியோரோடுதான் கழிகிறது. இவர்களை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பிள்ளை இனி யார் வீட்டில் இருக்கும் என்பதைக் குடும்பம் பேசி முடித்துவிடும். அந்தப் பேச்சு குடும்பத்திற்கு வெளியே எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாகாது என்பதுதான் சிக்கல். அதைச் செல்லுபடியாக்குவதே எங்கள் பணி.

வெளியே போனதும் வரும் முதல் கேள்வி, ‘நீங்கள் பிள்ளைக்கு யார்?’ என்பது. பாட்டி என்பது அதற்குப் போதுமான பதில் அல்ல. பள்ளி மாற்றுச் சான்றிதழுக்குப் பெற்றோர் கையொப்பம் வேண்டும். ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும். பிள்ளையின் பெயர் இறந்துபோன தந்தையின் ரேஷன் கார்டில் இருப்பதால் அங்கிருந்து நீக்கி இங்கே சேர்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை என்றால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட ஒருவர் வேண்டும். ஒரு வங்கிக் கிளையில், மகனின் இறப்புச் சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்திருந்த மூதாட்டியிடமே, கணக்குத் தொடங்கப் பிள்ளையின் தந்தையை அழைத்து வரும்படி சொன்னார்கள். அவர் எதுவும் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். அடுத்த முறை நான் உடன் சென்றேன், கணக்குத் தொடங்கப்பட்டது. அலுவலக அடையாள அட்டை ஒன்றால் நடந்துவிடக்கூடிய காரியம் அந்த அம்மாவின் சொல்லால் நடக்கவில்லை என்பது இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

‘பாதுகாவலர் யார்?’ என்பதற்கு நம் சட்டத்தில் இரண்டு தனித்தனி விடைகள் உண்டு. ஒன்று, பிரிட்டிஷ் ஆட்சியில் 1890-இல் இயற்றப்பட்ட பாதுகாவலர் சட்டம். வழக்கறிஞர்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று சுருக்கிச் சொல்லும் பாதுகாவலர் நியமன மனுவை, பிள்ளை வழக்கமாக வசிக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, மற்ற நெருங்கிய உறவினர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, வாய்தாக்களைக் கடந்து உத்தரவு பெற வேண்டும். பிள்ளைக்கு நிலமோ வீடோ இருந்தால் இந்த வழியைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. ஏனெனில், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலர் நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. ஆனால் நூறு நாள் வேலைக்குச் செல்லும் ஒரு பாட்டியால் வழக்கறிஞர் கட்டணத்தையும் வாய்தாவுக்கு வரும் நாள்களின் கூலி இழப்பையும் தாங்க முடிவதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவசச் சட்ட உதவிக்கு எழுதிக் கொடுக்கிறோம். அது கட்டணத்தை மிச்சப்படுத்துகிறது, கூலியை அல்ல.

மற்றொன்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஒரு பிள்ளையை உண்மையில் தன் பொறுப்பில் வைத்திருக்கிறார் என்று குழந்தைகள் நலக்குழு கருதி, தன் முன் நடக்கும் விசாரணையில் ஏற்றுக்கொள்ளும் எவரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் பாதுகாவலரே. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. விசாரணைக்குப் பிறகு உறவினரைத் ‘தகுதியுள்ள நபர்’ என்று அறிவித்து, பிள்ளையை அவரிடம் குறுகிய காலத்திற்கோ நீண்ட காலத்திற்கோ ஒப்படைத்துக் குழு உத்தரவிடலாம். பள்ளியிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் அந்த ஒரு தாள் பல கதவுகளைத் திறக்கிறது.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை, பார்த்துக்கொள்ள முன்வருபவரும் இல்லாத பிள்ளையைத்தான் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று சட்டம் வரையறுக்கிறது. பாட்டிதான் இருக்கிறாரே, பிறகு இந்த வழக்கு ஏன் என்று அவ்வப்போது கேட்கப்படுகிறது. பாட்டி பொறுப்பேற்றதே பிள்ளைக்குப் பாதகமாகிவிடும் விசித்திரமான தர்க்கம் இது. பெற்றோரை இழந்து உறவினர் குடும்பத்தில் வாழும் பிள்ளைகளுக்கு நிதி ஆதரவு உண்டு என்று அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்வதை எடுத்துக்காட்டித்தான் நாங்கள் பதிலளிக்கிறோம்.

உத்தரவுக்கு முன் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். அதற்குச் சட்டம் 15 நாள் அவகாசம் தருகிறது. இந்த அறிக்கைக்காக வீடு வீடாகச் செல்வதுதான் என் பணியில் மிகவும் கவனம் கோரும் பகுதி. சொந்த ரத்தம் என்பதால் மட்டும் எந்த வீடும் பாதுகாப்பானதாக ஆகிவிடாது. ஏழை வீடு என்பதால் மட்டும் தகுதியற்றதாகவும் ஆகிவிடாது. ஓட்டு வீட்டில் ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கிறார்கள் என்பதை அறிக்கையில் எழுதினால் வாசிப்பவருக்கு அது குறையாகத் தோன்றும். ஆனால் அந்த அறையில் பிள்ளை யாரருகில் படுக்கிறது, இரவில் பயந்து எழுந்தால் யாரை எழுப்புகிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அறிக்கை முழுமையாகும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்த பிள்ளைக்கும் ஒரே பள்ளியா, தீபாவளிக்கு ஒரே கடையில் துணியா, மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார், தண்ணீர்க் குடம் தூக்குவது யார் என்பவற்றை நான் உறவினரிடம் நேராகக் கேட்பதில்லை. அக்கம்பக்கத்தாரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் வகுப்பாசிரியரிடமும் பேசினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. முறைப்பெண் என்ற உரிமை நம் குடும்பங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தாய்மாமனோ அத்தையோ மிகுந்த ஆவலோடு கேட்டு வரும்போது, அந்த ஆவலில் தன் மகனுக்கோ தனக்கோ நாளைக்குக் கட்டிவைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் கலந்திருக்கிறதா என்பதைப் பார்க்காமல் பரிந்துரை எழுத முடியாது. அதற்காக எல்லாத் தாய்மாமன்களையும் சந்தேகிப்பதும் அநியாயம். நான் பார்த்த வரையில் தங்கை பிள்ளைகளுக்காகத் தம் திருமணத்தையே தள்ளிப்போட்டவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள். பரிந்துரையில், பெண்ணுக்குப் 18 வயது நிறையும் வரை படிப்பு தொடர வேண்டும், தொடர்பார்வை வருகைகள் இருக்கும் என்று எழுதி, 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தையும் அவர்கள் முன்னிலையிலேயே சொல்லிவிடுவது வழக்கம். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பணம் இருக்கும் இடத்திலும் இதே எச்சரிக்கை தேவை. பெற்றோர் சாலை விபத்தில் இறந்திருந்தால், இழப்பீட்டு வழக்கு முடியும் தறுவாயில் தந்தை வழியும் தாய் வழியும் திடீரென்று பிள்ளைமேல் பாசம் காட்டத் தொடங்கும். மைனரின் பங்கைப் பிள்ளை வயதுக்கு வரும் வரை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம் என்று நான் விளக்கியதும் அந்தப் பாசம் வடிந்துபோனதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். கலப்புத் திருமணம் செய்துகொண்டவர்களின் பிள்ளைகள் நிலை வேறு. அங்கே பெரும்பாலும் சண்டையே இருக்காது. இரு பக்கமும் கதவைச் சாத்திவிடும். அப்படிப்பட்ட வழக்குகளில் ஒரே ஒரு சித்தியோ ஒரே ஒரு பாட்டியோ ஊருக்கு அஞ்சாமல் வந்து நின்றால், அவருக்கு உத்தரவு வாங்கிக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிவதில்லை. அவர் வீட்டுக்கு அடிக்கடி போய்வந்தால்தான் அரசு இவருக்குப் பின்னால் இருக்கிறது என்பது தெருவுக்குத் தெரியும்.

நிதி ஆதரவுக்கு வருகிறேன். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுக்கு 2022-இல் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளின்படி ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகக்கூடாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தர வேண்டும். முதியோர் உதவித்தொகையை மட்டும் நம்பியிருக்கும் பாட்டிக்கு இந்த 4,000 ரூபாய் மிகப் பெரிய ஆறுதல். ஆனால் கொத்தனார் வேலை செய்யும் மாமனின் வருமானத்தை உள்ளபடி எழுதினால், மாதம் 6,000 ரூபாய் என்ற அந்த வரம்பை அவர் முதல் பத்து நாள்களிலேயே தாண்டிவிடுவார். தன் இரண்டு பிள்ளைகளோடு தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட மனிதரிடம், நீங்கள் அதிகம் சம்பாதிக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியிருப்பது எனக்கு ஒவ்வாத வேலை. பிள்ளைக்காகத் தரப்படும் தொகையைப் பிள்ளையின் நிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும், அதை ஏற்றவரின் கூலியை வைத்து அல்ல என்பது என் கருத்து. உறவில்லாத குடும்பம் ஒன்று இதே பிள்ளையை வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்தெடுக்காமல் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாட்டில், ஏற்றால் அங்கே பார்க்கப்படுவது அந்தக் குடும்பத்திற்குப் பிள்ளையைத் தாங்கும் வசதி இருக்கிறதா என்பதுதான். அதிக வருமானம் அங்கே தகுதி, இங்கே தகுதிக் குறைவு.

உறவினர் வளர்ப்பது கடமைதானே, அதற்கு எதற்குப் பணம் என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவின் இலினாய் மாநிலம், தம்பி தங்கைகளை ஏற்றுக்கொண்ட ஓர் அக்காளுக்கு, உறவில்லாத வளர்ப்புக் குடும்பங்களுக்குத் தந்த தொகையை மறுத்தது. அப்படி மறுக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்தது. வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையை ஆறு மாதமாவது வைத்திருந்த உறவினர் சட்டப்படி பாதுகாவலராகும்போது, அதன் பிறகும் உதவித்தொகை தொடர மத்திய அரசின் நிதியைப் பயன்படுத்தலாம் என்று அங்கே 2008-இல் சட்டம் வந்தது. உத்தரவோடு பணமும் தொடர வேண்டும் என்று அங்கே ஏற்றுக்கொள்ள அத்தனை ஆண்டுகள் ஆயின.

இல்லத்தில் இருக்கும் பிள்ளையை உறவினரிடம் திருப்பி அனுப்புவது இதைவிடக் கடினம். நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ‘அங்கே மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கிறது, இங்கே என்ன இருக்கிறது?’ என்று பாட்டியே கேட்கிறார். அவர் கேள்வியில் பாசக் குறைவு எதுவும் இல்லை. பல பிள்ளைகள் இல்லத்துக்கு வந்ததே வறுமையால்தான். பள்ளிச் சேர்க்கையும் முதல் மாதத் தொகையும் உறுதியாகாமல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த ஜூன் மாதத்தில் அதே பிள்ளை வேறோர் இல்லத்தின் வாசலில் நிற்கும். எனவே தாள்களை முதலில் முடித்து, இரண்டு மூன்று விடுமுறைகளுக்கு அனுப்பிப் பார்த்து, பிறகுதான் முழுமையாக ஒப்படைக்க வேண்டும் என்று நான் வாதிடுவேன். பிள்ளையையும் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். ‘பாட்டிக்குப் பாரமாக இருக்க மாட்டேன்’ என்று சொல்லும் பிள்ளை, போக விருப்பமில்லை என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தத்து எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். உறவினருக்குள் தத்தெடுக்க இளைஞர் நீதிச் சட்டத்தில் இடம் உண்டு; 2021-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு அதற்கான ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். ஆனால் அங்கே உறவினர் என்பது தந்தை வழி, தாய் வழிச் சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி முறையினரையும் இருவழித் தாத்தா பாட்டியரையும் மட்டுமே குறிக்கும். பனியன் கம்பெனியில் வேலை செய்து தம்பிகளை வளர்க்கும் பத்தொன்பது வயது அக்காள் அந்த வரையறைக்குள் வரமாட்டாள்; தகுதியுள்ள நபராகக் குழு அவளை ஏற்கலாம். மேலும் பல வீடுகளில் தாய் உயிரோடு இருக்கிறார். மறுமணம் செய்துகொண்டு வேறு ஊரில் இருப்பார், அல்லது தந்தை சிறையில் இருப்பார். அந்தப் பிள்ளைகளுக்குத் தத்து பொருந்தாது. தாய் என்றாவது வந்து பார்ப்பதற்கும், நிலைமை சீரானால் பிள்ளையைக் கேட்பதற்கும் இடம் விட்டு, அதுவரை வளர்ப்பவருக்கு உறுதியான உரிமை தரும் ஏற்பாடுதான் அவர்களுக்குத் தேவை. அம்மா வரும் நாள், தங்கும் நேரம், போனில் பேசுவது ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டால் வாசலில் நடக்கும் சண்டைகள் குறைகின்றன.

கடைசியாக, பெரும்பாலான அறிக்கைகளில் விடுபட்டுப்போகும் ஒரு விவரம் உண்டு. எழுபது வயதுப் பாட்டியிடம் ஏழு வயதுப் பிள்ளையை ஒப்படைக்கும்போது, அவருக்குப் பின் யார் என்று கேட்க எவருக்கும் வாய் வருவதில்லை. நான் கேட்கிறேன். பாட்டிகள் வருந்துவதில்லை, அவர்கள் ஏற்கெனவே இரவெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது ஆளின் பெயரை அவர் சம்மதத்தோடு அறிக்கையிலும் பராமரிப்புத் திட்டத்திலும் எழுதிவைத்து, பிள்ளை அந்த வீட்டுக்கும் விடுமுறையில் போய்வரப் பழக்கினால், நாளை மறுபடியும் புதிதாகத் தேட வேண்டியிருக்காது.

இதை வாசிப்பவர்களின் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தாலோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் வந்தாலோ போதும். பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியிருக்கிறது. அதற்கும் அங்கேயே வழி சொல்வார்கள். வரும்போது பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவாருங்கள். ஏதேனும் ஒன்று இல்லையென்றாலும் வாருங்கள். விடுபட்டதை வாங்கித் தருவதும் எங்கள் வேலையில் சேர்ந்ததே.