கான்கார்ட் ஓட்டக் கற்ற ஆறு மாதம்

ஒலியைவிட வேகமாகப் பறந்த, 2003-ல் ஓய்வுபெற்ற பயணிகள் விமானமான கான்கார்டை ஓட்டத் தேர்வானபோது எனக்கு ஜம்போ ஜெட்டில் பல வருட அனுபவம் இருந்தது. அட்லாண்டிக்கைக் கடப்பது பழகிப்போன வேலை. அந்தப் பழக்கத்தில் பாதியை மறக்கத்தான் முதல் வாரங்கள் செலவாயின.

பயிற்சி பிரிஸ்டல் பக்கத்தில் உள்ள ஃபில்ட்டனில் நடந்தது. பிரிட்டனில் கட்டிய கான்கார்டுகள் உருவான இடமும் அதுதான். வகுப்பு, சிமுலேட்டர், அப்புறம் பயணிகள் இல்லாமல் நிஜ விமானத்தில் தரையிறங்கி மேலெழும் பயிற்சி, கடைசியில் பயிற்சி கேப்டன் பக்கத்தில் இருக்கப் பயணிகளோடு பறப்பது என்று கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆனது.

வகுப்பில் அதிக நேரம் எடுத்தது எரிபொருள். சுமார் 95 டன் பிடிக்கும். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது, இறக்கை விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் மையம் 2 மீட்டர் அளவுக்குப் பின்னால் போய்விடும். எடை இருந்த இடத்திலேயே இருந்தால் மூக்கு கீழே சாயும். கான்கார்டுக்கு வால் இறக்கை கிடையாது. இறக்கையின் பின் விளிம்பில் உள்ள பலகைகளை வைத்தே சமாளிக்கப் பார்த்தால் காற்றின் இழுவை கூடி, நியூயார்க் வரை எரிபொருள் தாங்காது. அதனால் முன் தொட்டிகளில் இருக்கும் எரிபொருளைப் பம்ப் செய்து வால் பக்கத் தொட்டிக்கு அனுப்புவார்கள். வேகம் குறையும்போது அதையே திரும்ப முன்னால் கொண்டுவர வேண்டும். இந்த வேலை முழுக்க எங்களுக்குப் பின்னால், வலப்பக்கக் கருவிப் பலகையின் முன் உட்கார்ந்திருக்கும் ஃபிளைட் எஞ்சினியருடையது.

இதன் அருமை எனக்கு சிமுலேட்டரில்தான் உறைத்தது. மாக் 2-ல், அதாவது ஒலியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில், போய்க்கொண்டிருக்கும்போது ஓர் எஞ்சினின் காற்று நுழைவாயிலில் கோளாறு கொடுத்தார்கள். நுழைவாயிலுக்குள் இருக்கும் நகரும் தகடுகள்தான், மாக் 2-ல் வரும் காற்றை எஞ்சின் விழுங்கக்கூடிய வேகத்துக்குக் குறைத்துக் கொடுக்கின்றன. அது பிசகினால் பீரங்கி வெடித்ததுபோல் அடுத்தடுத்து சத்தம் வரும். நான் பதறி, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான த்ராட்டிலை இழுத்தேன். வேகம் மளமளவென்று இறங்கியது. "பொறுங்கள், எடை இன்னும் பின்னால் இருக்கிறது!" என்றார் எஞ்சினியர். எந்த வேகத்துக்கு எடை எங்கே இருக்கலாம் என்று காட்டும் கருவி என் கண் முன்னாலேயே இருந்தது. நான்தான் அதைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து த்ராட்டிலைத் தொடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்.

தரையில் ஓட்டிச் செல்வதும் புதிதாகத்தான் இருந்தது. முன் சக்கரத்துக்கு 11 மீட்டர் முன்னால் விமானி உட்கார்ந்திருப்பார். வளைவு வந்ததும் திருப்பினால் சக்கரங்கள் புல்லில் இறங்கிவிடும். நம் இருக்கை புல்லுக்கு மேலே போகும்வரை காத்திருந்து அப்புறம் திருப்ப வேண்டும்.

இறக்கம் இன்னும் கஷ்டம். மெதுவான வேகத்தில் தூக்கு விசையைக் கூட்டும் ஃபிளாப் என்ற மடிப்புப் பலகை இறக்கையில் இல்லாததால் மூக்கைச் சுமார் 11 டிகிரி தூக்கிக்கொண்டு, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதைக்கு வருவோம். முன்னால் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கூர்மூக்கை 12.5 டிகிரி கீழே மடக்கினோம். தரையை நெருங்கியதும் இறக்கைக்குக் கீழே அமுங்கும் காற்று மூக்கைத் தாழ்த்தப் பார்க்கும். மற்ற விமானங்களில் கடைசியில் மூக்கைத் தூக்குவோம், இதிலோ இருக்கும் கோணம் மாறாமல் இருப்பதற்காகவே கட்டுப்பாட்டு ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டும். பின் சக்கரங்கள் தரையைத் தொடும்போதும் என் கண் தரையிலிருந்து 11 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதனால் கண்ணை நம்ப முடியாது. எஞ்சினியர் உயரத்தை "ஐம்பது, நாற்பது, முப்பது" என்று அடிக்கணக்கில் சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இறங்கக் கற்றேன்.

பயணிகளோடு என் முதல் பறத்தல், ஹீத்ரோவிலிருந்து காலை 10:30-க்குப் புறப்படும் நியூயார்க் விமானம். நான் துணை விமானியின் வலது இருக்கையில். "மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணி த்ராட்டிலை முழுவதும் தள்ளி, நிறுத்துக் கடிகாரத்தைத் தட்டினோம். எஞ்சின் புகைபோக்கியில் கூடுதல் எரிபொருளை எரித்து விசையைக் கூட்டும் ரீஹீட் பற்றிக்கொண்டதும் முதுகு இருக்கையில் அழுந்தியது. கீழே வீடுகளில் இருப்பவர்களுக்காக, முன்பே கணக்கிட்ட நொடியில் ரீஹீட்டை அணைத்து த்ராட்டிலைக் குறைக்க வேண்டும். அதுவரை வேறு எதையும் நினைக்க நேரமில்லை.

பிரிஸ்டல் கால்வாய் என்னும் கடல் பகுதியைத் தாண்டும்போது திரும்ப ரீஹீட். ஒலியின் வேகத்தைக் கடந்ததற்கு ஒரே அடையாளம், உயரமானியின் முள் ஒரு கணம் துள்ளியதுதான். மாக் 1.7-ல் ரீஹீட்டை அணைத்தோம். அதற்கு மேல் விமானம் தன் பலத்திலேயே மாக் 2-க்குப் போனது. எரிபொருள் குறையக் குறைய, 50,000 அடியிலிருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருந்தது. மேலே வானம் கருநீலம், தூரத்தில் பூமியின் வளைவு. ஆனால் நான் அதிகம் பார்த்தது மூக்கு நுனியின் வெப்பமானியைத்தான். வெளியே உறைகுளிர் இருந்தும் அந்த வேகத்தில் விமானம் சூடேறும், நுனி 127 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. காக்பிட் கண்ணாடியைத் தொட்டால் சுட்டது.

அப்போது எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டுத் தன் பலகையின் ஓரத்தைக் காட்டினார். பலகைக்கும் பின் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு. ஹீத்ரோவில் அது இல்லவே இல்லை. சூட்டில் விமானம் ஒரு சாண் நீண்டிருந்தது. அவர் அதற்குள் தன் கையை முழுவதும் விட்டுக் காட்டினார்.

நியூயார்க்குக்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்கினோம். "எடை முன்னால் வருகிறது," என்றார் எஞ்சினியர். நான் கருவியைப் பார்த்து "சரி" என்றேன். ஐம்பது, நாற்பது, முப்பது. இறக்கியது நான்தான் என்றாலும் அந்தக் குரல் இல்லாமல் முடிந்திருக்காது.

எஞ்சின்களை நிறுத்தியபோது உள்ளூர் நேரம் 9:30 கூட ஆகவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு முதலில் அந்த இடுக்கைத்தான் போய்ப் பார்த்தேன். ஒரு தாள்கூட நுழையாது.