கிளப் உறுப்பினராகாமல் தில்லியில் கோல்ஃப்: ரேஞ்சிலிருந்து ஹேண்டிகேப் வரை

தில்லியில் கோல்ஃப் பழக நினைப்பவர்கள் முதலில் மறக்க வேண்டியது ஜாகிர் ஹுசேன் மார்க்கில் இருக்கும் தில்லி கோல்ஃப் கிளப்பை. 1930களில் லோதி கோல்ஃப் கிளப்பாகத் தொடங்கிய இடம். உள்ளே லால் பங்களா போன்ற முகலாயர் காலக் கல்லறைகளுக்கு நடுவே பந்தடிக்கிறார்கள், மயில்கள் உலவுகின்றன, எல்லாம் சரிதான். ஆனால் உறுப்பினராவதற்கான காத்திருப்புப் பட்டியலில் இன்று பெயர் பதிந்தால், பிள்ளைக்குக் கல்யாண வயது வந்த பிறகும் முறை வராது. உறுப்பினர் யாராவது விருந்தினராக அழைத்தால் போய் வரலாம், அவ்வளவுதான். கன்டோன்மென்ட் பக்கத்து ராணுவ மைதானங்கள் படையினருக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும்.

நமக்கு வாசல் திறப்பது டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) மைதானங்களில். லாடோ சராயில் உள்ள குதுப் கோல்ஃப் மைதானம் 18 ஹோல் (குழி) கொண்டது. காசு கட்டி யாரும் ஆடலாம். சாகேத் மெட்ரோவில் இறங்கினால் ஆட்டோ தூரம். வடக்கே பல்ஸ்வா ஏரிக்கரையிலும் ஒரு மைதானம் இருக்கிறது. துவாரகா 24ஆம் செக்டாரில் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். பழகுவதற்கு சிரி ஃபோர்ட் விளையாட்டு வளாகத்தின் டிரைவிங் ரேஞ்ச், அதாவது நின்ற இடத்திலிருந்தே பந்தடித்துப் பழகும் திடல். ஆர்.கே.புரம், முனிர்க்கா பக்கம் குடியிருக்கும் நாங்கள் நால்வர் இந்த வழியில்தான் போய் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) வாங்கினோம். எங்கே என்ன தடுக்கும் என்பதை அந்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

முதலில் சாமான். விதிப்படி பையில் 14 கிளப் (பந்தடிக்கும் மட்டை) வரை வைக்கலாம். தொடங்குபவருக்கு ஏழு போதும்: டிரைவர் (தூர அடிக்கு), ஒரு ஹைப்ரிட், 7 அயர்ன், 9 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கு), பிட்சிங் வெட்ஜ், 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் (கிட்டத்திலிருந்து தூக்கி அடிக்க), பட்டர் (குழிக்குள் உருட்ட). பழையதாகவே வாங்குங்கள். வாங்கும்போது கிளப்பைத் தலைகீழாகப் பிடித்துக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் பசைத் துண்டு உடைந்திருக்கிறது. தலையை லேசாகத் திருகிப் பாருங்கள், துளி அசைந்தாலும் வேண்டாம். கிரிப்பில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுந்து எழ வேண்டும். கண்ணாடி மாதிரி வழுக்கினால் ரப்பர் காய்ந்துவிட்டது, கிரிப் மாற்றும் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். பந்தில் புதியது வாங்கவே கூடாது. மைதானத்தில் தொலைந்து மீட்டெடுத்த பழைய பந்துகள் கிடைக்கும், ஒரு டஜன் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் ஆறு போய்விடும்.

உடை பற்றி இரண்டு வரி. காலர் வைத்த டி-ஷர்ட், பேன்ட் அல்லது முட்டி வரையிலான ஷார்ட்ஸ். ஜீன்ஸும் வட்டக்கழுத்து பனியனும் போட்டு வந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஷூவில் இரும்பு ஆணி கூடாது.

ரேஞ்சுக்கு வருவோம். பெரும்பாலோர் வீணாவது இங்கேதான். ஒரு பக்கெட் பந்து வாங்கியதும் டிரைவரை உருவி, கடைசிப் பந்து வரை ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். 50 பந்து இருந்தால் இப்படிப் பிரியுங்கள்: முதல் 10 வெட்ஜில் அரை ஸ்விங், 25 பந்து 7 அயர்னில், 10 ஹைப்ரிட், கடைசி 5 டிரைவர். வாரத்துக்கு இரண்டு பக்கெட், இரண்டு மூன்று மாதம். தொடக்கத்தில் நாலைந்து வகுப்பாவது பயிற்சியாளரிடம் எடுத்துவிடுங்கள். கிரிப் தப்பாக ஊறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

ரேஞ்சின் ரப்பர் பாய் ஒரு பொய் சொல்லும். கிளப் பந்துக்கு நாலு விரல் பின்னால் விழுந்தாலும் பாயில் வழுக்கி முன்னால் போய் பந்தைத் தூக்கிவிடும். 'ஆஹா, நன்றாகத்தானே போகிறது' என்று தோன்றும். மைதானத்தில் அதே அடிக்குக் கிளப் மண்ணில் குத்திக்கொள்ளும், பந்து பத்தடி உருண்டு நிற்கும். தில்லிக் குளிரில் பெர்முடா புல் உறக்கத்துக்குப் போய்ப் பழுப்பாகி, தரை இறுகிக் கிடக்கும்போது இந்தக் குறை இன்னும் பல்லிளிக்கும். கண்டுபிடிக்க வழி உண்டு. கைத்துண்டை மடித்துப் பந்துக்கு நாலு விரல் பின்னால் வைத்து அடியுங்கள். துண்டு நகராமல் பந்து மட்டும் போக வேண்டும். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். சுத்தமான அடிக்கு 'டக்' என்று ஒரே சத்தம். 'டும்-டக்' என்று இரட்டைச் சத்தம் வந்தால் முதலில் பட்டது பாய். இன்னொன்று, ரேஞ்ச் பந்துகள் அடிபட்டுத் தேய்ந்தவை, தூரம் குறைவாகவே போகும். அங்கே பார்த்த தூரத்தை வைத்து மைதானத்தில் கிளப் தேர்ந்தெடுத்தால் பந்து கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, தாண்டிவிடும்.

பந்தைக் கிரீனுக்கு ஏற்றும் சிப், குழிக்குள் உருட்டும் பட்டிங், இரண்டுக்கும் தனி நேரம் வேண்டும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 42.67. ஆறடியிலிருந்து தொடர்ந்து பத்து பட் அடித்து அவற்றில் குறைந்தது ஐந்து விழும் வரை மைதானத்துக்கு அவசரப்படாதீர்கள். கூட்டமான மைதானத்தில் அதிக நேரம் வீணாவது கிரீனில்தான். மூன்று நான்கு பட் அடித்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் வரும் நால்வர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஊரில் பணத்தைவிடப் பற்றாக்குறை இடத்துக்கும் நேரத்துக்கும்தான். தூரம் அடிப்பவரை விட, குறைவாக அடித்தாலும் நேராக அடித்து நடையைக் கட்டுபவரைத்தான் எல்லோரும் சேர்த்துக்கொள்வார்கள்.

முன்பதிவு செய்யும்போது வார நாள் மதியத்தைப் பாருங்கள். கட்டணம் குறைவு, நெரிசலும் குறைவு. தனியாகப் பதிந்தால் முன்பின் தெரியாத மூவரோடு சேர்த்துவிடுவார்கள். வெட்கப்பட வேண்டாம், முதல் டீயிலேயே (ஹோலின் தொடக்க அடியை அடிக்கும் இடம்) 'நான் புதுசு' என்று சொல்லிவிடுங்கள். பல மைதானங்களில் ஹேண்டிகேப் சான்றோ பயிற்சியாளரின் கடிதமோ இல்லாமல் 18 ஹோலுக்கு விடுவதில்லை. பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

பருவமும் ஒரு தொல்லை. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுவதும் பனிமூட்டம். முதல் நேரத்துக்குப் பதிந்தவர்கள் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவிலான புல்வழி) கண்ணுக்குத் தெரியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு மணி நேரம் தள்ளினால் பின்னால் வருபவர் எல்லோருக்கும் தள்ளும். மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுவதால் மதியம் தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு 14ஆம் ஹோலோடு ஆட்டம் முடியும். அந்த மாதங்களில் காலை பத்தரையை ஒட்டி எடுப்பது உத்தமம். மே, ஜூனில் நேர்மாறு: விடியற்காலை நேரம் கிடைக்காவிட்டால் போகவே வேண்டாம். பத்து மணிக்கு மேல் லூ என்னும் அனல்காற்று வீசும். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு ஃபிளாஸ்க்கில் இருக்கட்டும், கடையில் விற்கும் கலர் பானங்களை விட அது மேல். நவம்பரில் காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டிய நாளில் நாலு மணி நேர நடை எதற்கு? ரத்து விதியை முன்பே படித்து வைத்தால் பணமாவது தப்பும்.

மைதானத்தில் கேடி எடுங்கள், பை சுமக்க மட்டுமல்ல. கட்டணத்தைக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் தருவது தனி. ஒவ்வொரு டீயிலும் கேடியிடம் மூன்று கேள்வி: எத்தனை கஜம், ஓ.பி. (எல்லைக்கு வெளியே) எந்தப் பக்கம், எந்த மரத்தைப் பார்த்து அடிப்பது. புதியவர் என்றாலும் டிரைவரைக் கையில் கொடுப்பது பலருக்குப் பழக்கம். தயங்காமல் 7 அயர்னைக் கேளுங்கள். தில்லி மைதானங்களில் இருபுறமும் கீக்கர் மரமும் புதரும் நெருக்கும். 140 கஜம் நேராகப் போன பந்து, 200 கஜம் புதருக்குள் போன பந்தைவிட எவ்வளவோ மேல்.

ஓ.பி. என்றால் வெள்ளைக் குச்சிக்கு வெளியே. ஊருக்கு நடுவே உள்ள மைதானத்தில் அது பெரும்பாலும் மதில், அதற்கப்பால் சாலை அல்லது வீடு. பந்து போனால் ஒரு அடி தண்டம், அடித்த இடத்திலிருந்தே மறுபடி, அதாவது அடுத்தது உங்கள் மூன்றாவது அடி. போயிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், நடக்கத் தொடங்கும் முன் 'புரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இரண்டாவது பந்தை அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டத்தில் உள்ள பந்தாகிவிடும். முதல் பந்து பிறகு பத்திரமாகக் கிடைத்தாலும் பயனில்லை. இதில் மாட்டாத புதியவரை நாங்கள் பார்த்ததில்லை. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். 2019க்கு முன்பு ஐந்து இருந்தது. பந்தில் பேனாவால் உங்கள் அடையாளம் ஒன்று போட்டு வையுங்கள், ஒரே கம்பெனி, ஒரே எண் கொண்ட பந்து இருவரிடம் இருந்தால் வம்பு. ஸ்கோர் கார்டின் பின்புறத்தையும் படியுங்கள். இரண்டு அடி தண்டத்தோடு ஃபேர்வே ஓரத்தில் பந்தைப் போட்டு ஆடலாம் என்ற உள்ளூர் விதி இருந்தால், டீக்குத் திரும்பி நடக்கும் நேரம் மிச்சம்.

பந்து ஆள் இருக்கும் பக்கம் திரும்பினால் நொடிகூட யோசிக்காமல் 'ஃபோர்!' என்று கத்துங்கள். உங்களை நோக்கி யாராவது கத்தினால் நிமிர்ந்து பார்க்காதீர்கள், தலையைக் கையால் மூடிக் குனியுங்கள். மதிலைத் தாண்டிச் சாலையில் விழுந்தால் ஏறி எட்டிப் பார்க்க வேண்டாம், ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷலிடம் சொல்லுங்கள். மூன்றாம் நபருக்கு நேரும் சேதத்துக்கு ஈடு தரும் கோல்ஃபர் இன்ஷூரன்ஸ் இந்தியாவில் கிடைக்கிறது. சாலையோர ஹோல்கள் உள்ள இடத்தில் தொடர்ந்து ஆடுபவருக்கு அது வீண் செலவல்ல. (அதே பாலிசியில் 'ஹோல் இன் ஒன்' அடித்தால் நண்பர்களுக்கு வைக்கும் விருந்துச் செலவும் அடக்கம் என்பது வேடிக்கை.)

வேகத்துக்கு ஒரே அளவு: உங்கள் முறை வந்ததும் 40 வினாடிக்குள் அடித்துவிட வேண்டும் என்பது விதிப்புத்தகத்தின் பரிந்துரை. அடுத்தவர் அடிக்கும்போதே கையுறை, கிளப், தூரக் கணக்கு முடிந்திருக்கட்டும். பையைக் கிரீனுக்கு முன்னால் வைக்காமல் அடுத்த டீ இருக்கும் பக்கம் வையுங்கள். பெயர்ந்த புல் குழியை மணலால் நிரப்புங்கள், பங்கரில் (மணல் பள்ளம்) நடந்த தடத்தை ரேக்கால் சமன் செய்யுங்கள், கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தை அதற்கென்றே உள்ள சிறு முள்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளி மூடுங்கள். அடியிலிருந்து நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து அந்த இடம் கருகும்.

இனி ஹேண்டிகேப். 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை. இந்தியாவில் இந்தியன் கோல்ஃப் யூனியனோடு இணைந்த கிளப் அல்லது மைதானம் வழியாகத்தான் கிடைக்கும். கட்டணம் கட்டி ஆடுபவருக்கு எந்த வகைச் சேர்க்கையில் தருகிறார்கள் என்று முதல் நாளே கவுண்டரில் கேளுங்கள். ஆறு மாதம் ஆடிவிட்டுக் கேட்டால் பழைய கார்டுகள் செல்லாது என்பார்கள்.

தேவை மொத்தம் 54 ஹோல்: மூன்று முறை 18 அல்லது ஆறு முறை 9. தனியாக ஆடியது கணக்கில் வராது, கூட ஒருவர் ஆடி மார்க்கராக (உங்கள் ஸ்கோரைக் குறிப்பவர்) கையெழுத்திட வேண்டும். 'அது விழுந்துடும், எடுத்துக்கோ' என்ற நண்பர்களின் தாராளம் கார்டு ஆட்டத்தில் வேண்டாம், குழிக்குள் போட்டு முடியுங்கள். ஹேண்டிகேப் இல்லாதவருக்கு ஒரு ஹோலில் அதிகபட்சம் பாருடன் (அந்த ஹோலுக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கை) 5. பார் 4 ஹோலில் 9 ஆனதும் பந்தை எடுத்துக்கொண்டு நடக்கலாம். பின்னால் நிற்பவர்கள் வாழ்த்துவார்கள்.

கணக்கு இப்படி. ஒரு மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் ஸ்கோர்) 69.5, ஸ்லோப் (மற்றவர்களுக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்ற எண்) 120, பார் 70 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எடுத்தது 112, 108, 105. ஸ்கோரிலிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும். முறையே 40.0, 36.3, 33.4 வரும். மூன்று கார்டு மட்டும் இருக்கும்போது மிகக் குறைந்ததிலிருந்து 2 கழிப்பார்கள். ஆக உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 31.4. அதே மைதானத்தில் அடுத்த முறை ஆடும்போது 31.4ஐ 120ஆல் பெருக்கி 113ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசமான அரையைக் கழித்தால் 33 அடி சலுகை. இண்டெக்ஸின் உச்சவரம்பு 54, ஆகவே எவ்வளவு மோசமாக ஆடினாலும் எண் கிடைக்கும். 20 கார்டு சேர்ந்த பிறகு அவற்றில் சிறந்த எட்டின் சராசரி.

கார்டைக் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியது கூட்டுத்தொகையை அல்ல, ஒவ்வொரு ஹோலின் எண்ணை. கூட்டலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தேதி, இருவர் கையெழுத்து, எந்த நிற டீ என்பது மூன்றும் இருக்க வேண்டும். வெள்ளை டீக்கும் நீல டீக்கும் ரேட்டிங் வேறு. நிறம் எழுதாத கார்டு திரும்பி வந்தால் அடுத்த வாரம் அதே மார்க்கரைத் தேடிப் பிடித்து மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும்.