குளிர் அறையில் குவித்த ஈக்கள்

பழங்களைக் கெடுக்கும் ஈக்களின் பெருக்கத்தைக் குறைக்க, இணைந்தாலும் குஞ்சு உண்டாகாதபடி மலடாக்கிய ஈக்களை வெளியே விடுவார்கள். அந்த மலட்டு ஈ வளர்க்கும் கூடத்தில் சேர்ந்த புதிதில், குளிர் அறை என்றால் ஈக்களைத் தூங்கவைக்கும் இடம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். 4 டிகிரியில் மத்தியதரைக்கடல் பழ ஈ காலை மடக்கிக்கொண்டு விழுந்துவிடும், அப்புறம் தானியம்போல அள்ளிப் பெட்டியில் நிரப்பி விமானத்திலிருந்து தூவலாம்.

ஒரு நாள் விமானம் தாமதம் என்றார்கள். பெட்டி போதவில்லை, நான் இரண்டு பெட்டி ஈயை ஒன்றில் கொட்டி மூடிவிட்டேன், எல்லாம் முழுக்க மயங்கிவிட்டதா என்றுகூடப் பார்க்கவில்லை. சுவர் வெப்பமானி சரியாக 4 காட்டியது. கையுறையோடு குவியலுக்குள் கைவிட்டபோதுதான் நடுவில் வெதுவெதுப்பாக இருப்பது தெரிந்தது. மயங்கினாலும் ஈ மூச்சு விடுகிறது, அந்தச் சூடு போக வழியில்லாமல் நடுவில் இருந்தவை விழித்து உதைக்க, அடியில் இருந்தவை நசுங்கிக் கிடந்தன. போதாக்குறைக்குக் கதவு திறந்து மூடித் திறந்து மூடி, வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த ஈக்கள்மேல் நீராகப் படிந்து இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

வெளியே எடுத்து வைத்ததும் பெரும்பாலானவை எழுந்து நடந்தன. "எழுந்துடுச்சே அக்கா" என்றேன், மேற்பார்வையாளரிடம். அவர் பதில் சொல்லாமல் ஒரு கறுப்புக் குழாயை எடுத்து வைத்து, அந்த ஈக்களை அதற்குள் போட்டார். 10 செ.மீ. உயரம், உள்சுவரில் டால்க் பவுடர், ஏறினால் சறுக்கும், பறந்தால்தான் வெளியே வரலாம். மறுநாள் பார்த்தால் அடியில் ஒரு கூட்டமே இருந்தது. அதில் ஒன்று, கால்களெல்லாம் வெள்ளையாக, அரை அங்குலம் ஏறுவதும் விழுவதுமாக விடாமல் முயன்றுகொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயிரோடு இருப்பதை மட்டும் எண்ணியதுதான் என் தவறு. நீண்ட குளிரில் பூச்சியின் உடலில் சோடியம், பொட்டாசியம் சமநிலை குலைந்து தசை பாதிக்கப்படும், நடக்க முடிந்தாலும் பறக்கத் தெம்பு இருக்காது. மலட்டு ஆண் ஈயோ, காட்டு ஆண்களோடு போட்டி போட்டு, இறகை விசிறிக் காட்டிப் பெண்ணை மயக்கியாக வேண்டும். நடக்கிற ஈயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இப்போது வெப்பமானியின் முனையைக் குவியலின் நடுவில் செருகுகிறேன், ஈக்களை மெல்லிய அடுக்காகப் பரப்புகிறேன், உள்ளே போன நேரத்தை ஒவ்வொரு பெட்டியிலும் எழுதிவிடுகிறேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பேசுகிறவர்களைக் கண்டால்தான் கோபம் வருகிறது, சொன்னால் "ஈக்குப் போய் இவ்வளவா" என்று சிரிக்கிறார்கள்.