ஆறு மணிக்குத் திணறும் டேட்டாபேஸ்

மார்ச் 3, 2025, திங்கள்

மாலை ஆறு ஆனால் போன் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. இரவு லாரி கிளம்புவதற்குள் பார்சல் எல்லாம் புக் ஆக வேண்டும். ஆறிலிருந்து எட்டு வரை அறுபது கவுண்டரிலும் கூட்டம், அப்போதுதான் திரை நகர மாட்டேன் என்கிறது. மூட்டையோடு வரிசையில் நிற்கிறவர்கள் கவுண்டர்காரரைத் திட்டுகிறார்கள். அவர் என்ன செய்வார்?

ஆபீசில் எல்லோரும் மாதக் கணக்கு ரிப்போர்ட்டைக் கைகாட்டுகிறார்கள். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 16. குவெரி என்றால் டேட்டாபேசிடம் கேட்கும் கேள்வி. ஒரு நொடிக்கு மேல் ஓடும் குவெரியை மட்டும் லாகில், அதாவது சர்வரின் பதிவுக் கோப்பில், எழுதும்படி வைத்திருக்கிறோம். லாகைத் திறந்தால் அந்த ரிப்போர்ட்தான் கண்ணில் படுகிறது, 40 நொடி. ஆனால் அது நாளைக்கு நான்கு தடவைதான் ஓடுகிறது, அதுவும் மதியத்தில். மாலைத் திணறலோடு அதை முடிச்சுப் போட எனக்கு மனம் வரவில்லை. "ரேம் கூட்டிடலாம்" என்கிறார் மேலாளர். எது தின்கிறது என்று தெரியாமல் தீனியைக் கூட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. இரண்டு நாள் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 5, புதன், அதிகாலை

பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் போட்டாயிற்று. எந்தக் குவெரி எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஓடியது என்று கூட்டி வைக்கும் எக்ஸ்டென்ஷன் (துணைக்கருவி) இது, போஸ்ட்கிரெஸோடு சேர்ந்தே வருகிறது, 2009-இல் வந்த 8.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. சர்வர் கிளம்பும்போதே நினைவகத்தில் இடம் பிடிக்க வேண்டியது என்பதால் கான்ஃபிக் கோப்பின் ஷேர்ட்_ப்ரீலோட்_லைப்ரரீஸ் வரியில் பெயரைச் சேர்த்து சர்வரை ஒருமுறை நிறுத்தி ஏற்றியே ஆக வேண்டும், கோப்பை மட்டும் மறுபடி படிக்கவைக்கும் ரீலோட் போதாது. கடைசி லாரியும் போன பிறகு, 2.40-க்கு அதைச் செய்தேன்.

அந்த வரியில் ஏற்கெனவே ஆட்டோ_எக்ஸ்ப்ளெயின் என்ற இன்னொரு துணைக்கருவி இருந்தது. சர்வர் அமைப்பை மாற்றும் 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளையில் இரண்டு பெயரையும் ஒரே மேற்கோளுக்குள் கமா போட்டு எழுதினால், முழுவதையும் ஒரே லைப்ரரியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு சர்வர் எழுந்திருக்காது. அதனால் கான்ஃபிக் கோப்பைத் திறந்து கையால் திருத்தினேன். டிஸ்க்கிலிருந்து படிக்க ஆகும் நேரமும் தெரியட்டும் என்று ட்ராக்_ஐஓ_டைமிங்கை ஆன் செய்தேன். அப்புறம் எங்கள் டேட்டாபேசுக்குள் போய் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்'. அவ்வளவுதான். இன்று முழுக்க சேரட்டும்.

மார்ச் 6, வியாழன்

காலையில் என் சொந்த லாகினில் பார்த்தால் குவெரி இருக்க வேண்டிய இடத்தில் உரிமை போதாது என்று வந்தது. பிறர் ஓட்டிய குவெரியைப் பார்க்க பிஜி_ரீட்_ஆல்_ஸ்டாட்ஸ் என்ற ரோல் (உரிமைத் தொகுப்பு) வேண்டும். அதை வாங்கிக்கொண்டேன்.

சராசரி நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் முதலில் அதே ரிப்போர்ட். மொத்த நேரத்தை, அதாவது டோட்டல்_எக்ஸெக்_டைமை வைத்து வரிசைப்படுத்தினேன். பட்டியல் தலைகீழாக மாறிவிட்டது.

முதலிடத்தில் ஒரு பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) பழைய பாக்கியைக் கூட்டிச் சொல்லும் சின்னக் குவெரி. சராசரி 21 மில்லிநொடி. ஓடியது 4,05,000 தடவை. பெருக்கினால் 8,500 நொடி, இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். எல்லோரும் குற்றம்சாட்டிய ரிப்போர்ட் நான்கு தடவையும் சேர்த்து 160 நொடி.

இது ஏன் லாகில் வரவே இல்லை? 21 மில்லிநொடி ஓடுகிற குவெரி ஒரு நொடி வரம்பை எப்படித் தொடும்! எந்த ஒரு தடவையும் தப்பாகத் தெரியாது. எக்ஸ்டென்ஷன் மட்டும் அதை எப்படிப் பிடித்தது என்றால், குவெரியில் இருக்கும் மதிப்புகளை எடுத்துவிட்டு அங்கே $1, $2 என்று வைத்துவிடுகிறது. 118-ஆம் பார்ட்டியைக் கேட்டாலும் 9,002-ஆம் பார்ட்டியைக் கேட்டாலும் ஒரே வரியில் ஏறுகிறது. மதிப்பை நீக்கி இப்படிச் சேர்க்கும் வழக்கம் 2012-இல், 9.2 பதிப்பில் வந்தது. அது இல்லாவிட்டால் இந்தப் பட்டியலில் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

4,05,000 எங்கிருந்து வந்தது என்று கோடிங்கில் தேடினேன். நாளைக்குச் சுமார் 9,000 புக்கிங். பெயரில் ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் பத்து பெயர் வரை பரிந்துரை வருகிறது, பரிந்துரையில் வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாக்கி கேட்கிறது. ஒரு புக்கிங்குக்கு 45 தடவை. கணக்கு அச்சாகப் பொருந்தியது. சாப்பிடப் போகவே தோன்றவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இந்த எக்ஸ்டென்ஷன் கூட்டிக்கொண்டே போகும். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நாள் முழுவதற்குமான 21 மில்லிநொடி என்ற சராசரியில் மாலைக் கூட்டம் கரைந்துபோகிறது. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது காட்டும் பட்டியலை அப்படியே ஒரு டேபிளில் பிரதி எடுத்து வைக்க, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் போட்டேன். எட்டு மணிப் பிரதியிலிருந்து ஆறு மணிப் பிரதியைக் கழித்தால் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கிறது: சராசரி 64 மில்லிநொடி.

அந்தப் பாக்கிக் குவெரி ஒரு தடவைக்குத் தொடும் பிளாக் (டேட்டாவை வைத்திருக்கும் துண்டு) சுமார் 1,900. பிளாக் ஒன்று 8 கேபி, ஆக ஒரு சின்னப் பாக்கித் தொகைக்கு 15 எம்பி படிக்கிறது. குவெரி எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் ஓட்டியதில் காரணம் தெரிந்தது. இன்டெக்ஸ், அதாவது வேண்டிய வரியைச் சட்டென்று எடுக்க உதவும் பட்டியல், கிளைக்கு மட்டுமே இருக்கிறது. கிளையின் வரிகளை எல்லாம் இழுத்து வந்து, பார்ட்டி ஒத்துப்போகாதவற்றைக் கழித்துத் தள்ளுகிறது.

மார்ச் 8, சனி

விடிவதற்குள் புது இன்டெக்ஸ். பார்ட்டி எண், கிளை. பாக்கி தீராத வரிகளுக்கு மட்டும். 'கன்கரன்ட்லி' சேர்த்துத்தான் போட்டேன். நேரம் கூட எடுக்கும், ஆனால் யாராவது புக் செய்தால் தடுக்காது. நடுவில் அறுந்தால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று கிடக்கும் என்பதால் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாலை ஆறு. பாக்கிக் குவெரி 0.3 மில்லிநொடி. ஏழரை வரை ஒரு போனும் வரவில்லை.

ஏழே முக்காலுக்கு சங்ககிரி கவுண்டர் அண்ணன் கூப்பிட்டார். "கண்ணு, புக்கிங் நல்லாப் போகுது. டெலிவரி தேடறதுதான் சுத்திச் சுத்தி நின்னுபோகுது." பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். அப்படி ஒரு குவெரியே இல்லை.

மார்ச் 10, திங்கள்

ஞாயிறு முழுக்க இதுதான் மனதில். பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் ஓடி முடிந்ததை மட்டும்தான் எழுதும். பாதியில் ரத்தானது அதில் ஏறாது. கவுண்டரிலிருந்து வரும் குவெரிக்கு மட்டும் 15 நொடிக்கு மேல் போனால் ரத்து என்று டைம்அவுட் வைத்திருக்கிறோம். இருப்பதிலேயே மோசமான குவெரி ஒரு தடவைகூட முடியாததால், பட்டியலில் அதற்கு இடமே இல்லை! டைம்அவுட் ரத்துகளை சர்வரின் எர்ரர் லாகில் தேடியதும் கிடைத்துவிட்டது, இருபதுக்கு மேல். எல்லாம் சங்ககிரி.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சரக்கு எடுக்க வருகிறவர்கள் எல்.ஆர் எனும் லாரி ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து வியர்வையில் நனைத்து வருகிறார்களாம். கடைசி நான்கு எண்தான் தெளிவாக இருக்கும், அதை அடித்துத் தேடுகிறார். மற்ற கவுண்டர்களில் முழு எண்ணையும் வாங்குகிறார்கள் போல. முன்பக்கம் தெரியாமல் பின்பக்கத்தை மட்டும் வைத்துத் தேடினால் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. ஆறு வருட எல்.ஆர், ஒன்றரைக் கோடி வரிக்கு மேல். முழுவதையும் படித்துத்தான் பார்க்கும்.

"முழு நம்பரையும் அடிக்கச் சொல்லுங்க" என்றார்கள் ஆபீசில். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் செய்வது சரி, நம் டேபிள்தான் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

எல்.ஆர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்துக்கே ஒரு இன்டெக்ஸ். குவெரியிலும் அதே வடிவில் எழுதினால்தான், எந்த வழியில் தேடுவது என்று முடிவு செய்யும் பிளானர் அதை எடுத்துக்கொள்ளும், அதையும் மாற்றியாயிற்று. பரிந்துரைப் பெயர்கள் பத்துக்கும் பாக்கியை ஒரே குவெரியில் கேட்கும்படி திருத்தினேன். 'இன்' பட்டியலாக எழுதினால் மூன்று பெயருக்கு ஒரு வரி, ஏழு பெயருக்கு இன்னொரு வரி என்று எக்ஸ்டென்ஷனின் பட்டியலில் உள்ள 5,000 இடத்தைத் தின்னும். எல்லாவற்றையும் ஒரே மதிப்பாகக் கட்டி, அர்ரேயாக அனுப்பினேன். எல்லாம் ஒரே வரியில் ஏறுகிறது.

ஆறு மணிக்கு சங்ககிரி அண்ணனை நானே கூப்பிட்டேன். "இருங்க கண்ணு, ஆள் நிக்கறாங்க" என்று போனை மேசையில் வைத்தார். நான்கு எண்ணை அவர் உரக்கப் படிப்பது கேட்டது. அடுத்த மூச்சில், "மூணாவது ரேக், ரெண்டு பெட்டி" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.