ரோமானியப் படை எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தது?

ரோமானியப் படைவீரர் வேஷம் கட்டி அணிவகுக்கும் ஐரோப்பியக் குழுக்களின் வீடியோக்களை நான் விடாமல் பார்ப்பேன். கவசமும் வாளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன, அதைப் பார்த்துச் செய்துவிடலாம். நடையை எங்கே போய்த் தோண்டுவது? ஆய்வாளர் 'சான்று இல்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் மைதானத்தில் கூட்டத்துக்கு முன்னால் நிற்பவர்கள் ஏதாவது ஒரு காலைத் தூக்கித்தானே ஆக வேண்டும்.

பல குழுக்களில் 'சின், டெக்ஸ்' என்று இடது வலது சொல்லி நடக்கிறார்கள். கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் பழைய நூல்களில் இதற்கு ஆதாரம் கிடையாது. 'மோவே', 'ஸ்டா' என்று புறப்படவும் நிற்கவும் சொல்கிற கட்டளைகள் பரவாயில்லை, ஸ்ட்ராட்டெஜிகான் என்ற போர்க்கலை நூலில் இருக்கின்றன. என்ன, அது கி.பி. 600 வாக்கில் எழுதப்பட்டது, இவர்கள் போட்டிருப்பதோ முதலாம் நூற்றாண்டுக் கவசம். இந்த ஐந்நூறு வருட இடைவெளியைப் பார்வையாளர்களிடம் சொல்லிவிட்டு நடக்கிற குழுக்களைத்தான் எனக்குப் பிடிக்கும். சொல்லாமல் கம்பீரமாக நடந்தால் பார்க்கிற பிள்ளைகள் அதையே வரலாறு என்று நம்பிவிடும்.

வேகத்திலும் இதே சிக்கல். கோடையில் 5 மணி நேரத்தில் 20 ரோமானிய மைல், அதாவது சுமார் 30 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்கிறார் போர்க்கலை பற்றி எழுதிய ரோமானிய எழுத்தாளர் வெகெட்டியஸ். நம் கடிகாரக் கணக்கில் அது மணிக்கு 6 கிலோமீட்டர், சுமையோடு கிட்டத்தட்ட ஓட்டம்தான். ஆனால் ரோமானியர்கள் பகல்பொழுதைப் பன்னிரண்டாகப் பிரித்தவர்கள், கோடையில் ரோமில் அவர்களுடைய ஒரு மணி நேரம் நம்முடைய 75 நிமிடம் வரை நீளும். அப்படிப் பார்த்தால் மணிக்கு 5 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. சரி, இது மனுஷன் நடக்கிற நடை. 1985-இல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் மார்க்குஸ் யுங்கெல்மன், ஒரு குழுவோடு முழு உடுப்பில் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி ஆக்ஸ்பர்க் வரை நடந்தே போனார். இந்த மாதிரிக் கேள்விகளை மேஜையில் உட்கார்ந்து தீர்க்க முடியாது.

அப்புறம் ட்ராஜன் தூண், ரோமில் பேரரசர் ட்ராஜனின் போர்களைச் சிற்பமாகச் செதுக்கிய தூண். அதில் வீரர்கள் மூட்டை கட்டிய கம்பை உயர்த்திப் பிடித்தபடி போகிறார்கள். நாளெல்லாம் அப்படிப் பிடித்தால் கை கழன்றுவிடும், மூட்டை கண்ணுக்குத் தெரியட்டும் என்று சிற்பி தூக்கிக் காட்டியிருப்பார் என்பது என் கட்சி. தோளில் சாய்த்துக்கொண்டு போகிற குழுக்களும் அப்படித்தான் நினைக்கின்றன போல.

ரோமானியப் படைவீரர் செருப்பின் அடியில் அடித்திருக்கும் ஆணி வழுக்கும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். எருசலேம் கோயிலின் கல்தரையில் ஜூலியானுஸ் என்ற செஞ்சூரியன் (ரோமானியப் படைப்பிரிவின் தலைவர்) அப்படி வழுக்கி விழுந்துதான் எதிரிகளிடம் மாட்டிச் செத்தார் என்று அந்தக் கால யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதி வைத்திருக்கிறார்.