புற்றுநோய் ஆய்வகத்தில் ஒரு மாணவிக்கு இடம் பிடித்துக் கொடுத்த கதை

ஹூஸ்டனில் கல்லீரல் புற்றுநோய் பற்றிய ஒரு சிறிய ஆய்வகத்தை நடத்தி வருகிறேன். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நகரிலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, ஆய்வகத்தில் பாத்திரம் கழுவும் வேலையாவது கிடைக்குமா என்று கேட்டு வந்தார். மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். வீட்டில் ஸ்பானிஷ்தான் பேச்சு. குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பெயர் சொல்லியே அழைக்கலாம் என்று நான் பலமுறை சொல்லியும், கடைசிவரை என்னை "மிஸ்" என்றே அழைத்தார். அவர் படித்த பள்ளியில் ஆசிரியைகளை அப்படித்தான் அழைப்பார்களாம்; நம் ஊர் கான்வென்ட் வகுப்பறைக்குப் பிறகு அந்தச் சொல்லை அங்கேதான் கேட்டேன்.

பாத்திரம் கழுவ எனக்கு ஆள் தேவைப்படவில்லை. ஆனால் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், அதாவது என்.ஐ.எச்.சில், அப்போது ஒரு வழி இருந்தது. ஏற்கெனவே மானியம் பெற்று நடக்கும் ஆய்வில், அறிவியல் துறையில் குறைவாகவே காணப்படும் பிரிவுகளைச் சேர்ந்த ஒருவரைச் சேர்த்துப் பயிற்றுவித்தால், அவருடைய ஊதியத்துக்கும் ஆய்வுச் செலவுக்கும் தனியாகத் துணை மானியம் கேட்கலாம். கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், அமெரிக்கப் பூர்வகுடிகள், பசிபிக் தீவினர், மாற்றுத்திறனாளிகள், வறிய பின்னணியில் வளர்ந்தவர்கள் ஆகியோர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆசியர்கள் இல்லை, எங்கள் தாழ்வாரத்தில் ஒருமுறை நடந்து, கதவுகளில் உள்ள பெயர்களைப் படித்தாலே காரணம் விளங்கிவிடும். மூல மானியத்தில் பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது மீதமிருக்க வேண்டும் என்பது விதி. என்னுடையதில் அதற்குமேல் சில மாதங்களே இருந்ததால், உடனே வேலையில் இறங்க வேண்டியிருந்தது.

தகுதிக்கு என்ன சான்றிதழ் கேட்பார்களோ என்பதுதான் என் முதல் கவலை. சாதிச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் தாலுகா அலுவலகப் படியேறும் ஊரிலிருந்து வந்தவளுக்கு, மாணவி தன்னைப் பற்றித் தானே அறிவித்தால் போதும், நிறுவனத்தின் சார்பில் ஓர் அதிகாரி கையொப்பமிட்டு அதை உறுதி செய்வார் என்பதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மாணவி தன்னைப் பற்றி எழுத வேண்டிய அறிக்கையின் முதல் வரைவு, "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கி, யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடக்கூடிய வாக்கியங்களாக ஓடியது. பேச்சுவாக்கில்தான் மற்றது தெரிந்தது. பதின்மூன்று வயதில் தாத்தாவுடன் மருத்துவமனைக்குப் போனபோது, மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்ன 'சிரோசிஸ்' (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "கல்லீரல் களைத்துவிட்டதாம்" என்று பாட்டியிடம் சொல்லியிருக்கிறார். தெற்கு டெக்சாஸின் ஹிஸ்பானிய மக்களிடையே நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் மிகுதி. கல்லீரல் புற்றுநோயும் மிகுதி. இதை எழுதச் சொன்னபோது, வீட்டுத் துயரத்தைக் காட்டிப் பணம் கேட்பது போலிருக்கிறது என்று தயங்கினார். அந்தத் தயக்கம் நியாயமானது. இத்தகைய விண்ணப்பங்கள் பிள்ளைகளைத் தங்கள் வறுமையைக் கடைவிரிக்கப் பழக்குகின்றன என்பது எனக்கும் நெடுநாள் குறை. தாத்தாவுக்கு இரண்டு வாக்கியம், கொழுப்புக் கல்லீரல் எப்படிப் புற்றாக மாறுகிறது என்ற கேள்விக்கு மீதி இடம் என்று முடிவு செய்தோம். நான்காவது வரைவை அனுப்பினோம்.

மே இறுதியில் ஒப்புதல் வந்தது. ஜூனில் அவர் வேலையைத் தொடங்கினார். பணம் மட்டும் வரவில்லை. மானியம் கணக்கில் ஏறி, அவர் பெயர் ஊதியப் பட்டியலில் சேர்வதற்குள் ஜூலையில் பாதி கடந்துவிட்டது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. காலையில் தாமதமாக வருகிறார், செல்கள் வளரும் சத்துத் திரவமான ஊடகத்தை மாற்ற மறக்கிறார் என்பதை மட்டும் கவனித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, செல்களை வளர்க்கும் வெப்பப் பெட்டியான இன்குபேட்டரைத் திறந்தபோது, ஆறு குடுவைகளில் ஊடகம் மோர்போலக் கலங்கிக் கிடந்தது. பாக்டீரியா புகுந்து மூன்று வாரச் சோதனை வீணாகியிருந்தது. கடிந்துகொண்டேன். பதில் பேசாமல் நின்றவர், பிறகு குடுவைகளில் ப்ளீச் ஊற்றிக்கொண்டே, இரவு பதினொரு மணி வரை ஒரு மளிகைக் கடையில் சரக்கு அடுக்கிவிட்டு வருவதாகச் சொன்னார். சம்பளம் எப்போது வரும் என்று என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்கலாம் என்று தெரியாது, மிஸ்."

திங்கட்கிழமை ஊதியம் கவனிக்கும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, அவருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டைப் பிடிக்கவும், புரதங்களைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையை ஓட்டவும் ஒரு கோடையில் யாரும் கற்றுக்கொள்வார்கள். பதில் வராத மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் அனுப்பலாம், பரிந்துரைக் கடிதத்தை ஒரு மாதம் முன்பே கேட்க வேண்டும், அமெரிக்காவில் உயிரியல் முனைவர் பட்டப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, அவர்களே உதவித்தொகை தருவார்கள் என்பவையெல்லாம் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானாகக் காதில் விழுந்துவிடும். இவருக்கு ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பின் வியாழன்தோறும் அரைமணி நேரம், சோதனைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இவற்றை மட்டுமே பேசினோம்.

சோதனையை மீண்டும் தொடங்கும் முன், நாங்கள் பயன்படுத்தும், நோயாளிகளின் கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகங்களில் வளர்த்துவரும் செல் வகைகள் ஒவ்வொன்றின் தகவல் தாளையும் படித்து வரச் சொன்னேன். ஹெப்-ஜி2, அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவனுடையது. தாளில் 'வெள்ளையர்' என்றிருந்தது. ஹெப்-3பி, 8 வயதுக் கறுப்பினச் சிறுவனுடையது. ஹு-7, 57 வயது ஜப்பானியருடையது. இவற்றை அட்டவணையாக எழுதி வந்தவர், தன் ஊர் மக்களிடமிருந்து எடுத்த செல் ஒன்றுகூட செல்களை உறையவைத்திருக்கும் எங்கள் நைட்ரஜன் தொட்டியில் இல்லை என்பதைக் கடைசி வரியில் குறித்திருந்தார். அதே குடுவைகளைப் பல ஆண்டுகள் கையாண்ட நான் அந்த அட்டவணையைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

2019 நவம்பரில், இத்தகைய மாணவர்களுக்காகக் கலிஃபோர்னியாவின் அனஹைமில் நடந்த ஏ.பி.ஆர்.சி.எம்.எஸ். என்ற உயிர்மருத்துவ ஆய்வு மாநாட்டில் தன் ஆய்வை விளக்கும் போஸ்டர் வைத்தார். முனைவர் பட்டப் படிப்புக்கு ஆள் தேடும் பல்கலைக்கழகங்கள் அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தார். மூன்றில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். கடைசி நேர்காணல் 2020 பிப்ரவரி இறுதியில், கொரோனா ஊரடங்குக்குச் சில வாரங்களே முன்பு. அந்த ஆண்டு ஆகஸ்டில் படிப்பில் சேர்ந்தார்.

அந்தத் துணை மானியத்துக்கான அறிவிப்பை என்.ஐ.எச். 2025இன் தொடக்கத்தில் விலக்கிக்கொண்டது. இப்போது வேலை கேட்டு வரும் மாணவருக்கு மூல மானியத்திலிருந்தே மணிக்கணக்கில் ஊதியம் தருவதால், கோடைக்கு ஒருவரை மட்டுமே எடுக்க முடிகிறது. சேரும் நாளன்றே முதல் சம்பளத் தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அன்று வராவிட்டால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அதன் கீழே எழுதிவிடுகிறேன்.